பிப்ரவரி 9 உறுதிமொழியால் யாராவது சூளைக்குப் போகாமல் நின்றிருக்கிறார்களா?

செய்யாற்றுக்காரன் – அக்டோபர் 6

வருஷா வருஷம் பிப்ரவரி 9, கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள் என்று எல்லா ஆபீஸிலும் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பேரணி, பேனர், பிஸ்கட். அந்தத் தேதிக்கு எங்கள் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில் பாதி வீடு, குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டதால், பூட்டிக் கிடக்கும். யாரைப் பார்த்து விழிப்புணர்வு? ஊரில் நாலு பேர் சேர்ந்து உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம், செய்முறை வேண்டும்.

பாலாற்றங்கரை – அக்டோபர் 6

உங்கள் கோபம் சரி. தேதிதான் பிரச்சினை. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த நாள் பிப்ரவரி 9. சட்டத்துக்கு அது பிறந்தநாள், சூளைக்கு அது நடு சீசன். வட மாவட்டங்களில் செங்கல் அறுப்பு தை பிறந்ததும் சூடுபிடித்து ஆனி வரை ஓடும். அதற்கான முன்பணம் கைமாறுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். வேலை இல்லாமல், கூரை ஒழுகி, வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும் வாரத்தில்தான் சூளைக்கு ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரி வருவார். ஆள் பிடிப்பு அங்கே முடிந்துவிடுகிறது. தடுப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்த ஆறு எட்டு வாரத்தில்தான்.

நம் ஊரில் ஆண்டுக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் அக்டோபர் 2-ம் நவம்பர் 1-ம் முன்பணக் காலத்தோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன. அக்டோபர் 2 போய்விட்டது. நவம்பர் 1-க்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது.

உத்திரமேரூரான் – அக்டோபர் 7

முன்பணம் வாங்குவதே குற்றமா? கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு அவசரத்தில் காசு கொடுக்கிறவன் முதலாளி ஒருத்தன்தான். அவனையும் விரட்டிவிட்டால் அந்தக் குடும்பம் யாரிடம் போகும்? வாங்கின பணத்தை உழைத்துக் கழிப்பதில் என்ன தப்பு?

பாலாற்றங்கரை – அக்டோபர் 7

முன்பணம் மட்டும் குற்றம் இல்லை. முன்பணத்தோடு சேர்ந்து நாலு உரிமைகளில் ஒன்று போனாலும் கொத்தடிமை என்கிறது 1976 சட்டத்தின் பிரிவு 2: நியாயமான கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நாலும் போக வேண்டியதில்லை. சங்கிலி, பூட்டு, அடி எதுவும் தேவையில்லை.

களத்தில் இதைச் சட்ட மொழியில் கேட்டால் யாருக்கும் புரியாது. கேட்க வேண்டியவை இவை: “நாளைக்கு ஊரில் சாவு என்றால் குடும்பத்தோடு கிளம்ப முடியுமா, இல்லை ஒருவரை விட்டுவிட்டுப் போகச் சொல்வார்களா?” “பக்கத்துச் சூளையில் ஆயிரம் கல்லுக்கு ஐம்பது ரூபாய் அதிகம் என்றால் கடன் இருக்கும்போதே அங்கே போகலாமா?” “சந்தைக்கு எல்லாரும் ஒன்றாகப் போவீர்களா?” மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் உண்மையைக் கொண்டுவரும். புருஷன் சந்தைக்குப் போனால் பெண்டாட்டி பிள்ளைகள் களத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி.

கணக்கர் – அக்டோபர் 8

“உழைத்துக் கழிக்கட்டும்” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை, கணக்கின் போக்கு மட்டும் சூளைக்குச் சூளை ஒன்றுதான்.

முன்பணம் 60,000. ஆயிரம் கல்லுக்கு 800 ரூபாய். கணவன் மனைவி சேர்ந்து நாளுக்கு 1,200 கல், வாரம் 6 நாள், ஆக 7,200 கல். வாரக் கூலி 5,760. அதில் சாப்பாட்டுக்கு வாரச் செலவு 2,000 கையில் கொடுத்துவிட்டு மீதி 3,760 கடனில் கழிகிறது. 16 வாரத்தில் 60,160. கடன் தீர்ந்து கையில் 160 ரூபாய் மிச்சம். மேஸ்திரி முன்பணம் கொடுக்கும்போது சொல்லும் கணக்கு இதுதான். அதில் பொய் இல்லை, அதனால்தான் எடுபடுகிறது.

இப்போது நோட்டில் எழுதப்படும் கணக்கு. உடைசல், கோணல் என்று நூற்றுக்குப் பத்து கல் கழிவு. வாரத்துக்கு 6,480 கல், 5,184 ரூபாய், செலவு போக 3,184. நடுவில் இரண்டு வாரம் கோடை மழை: அறுப்பு இல்லை, ஆனால் சாப்பிட வேண்டுமே, அந்த 4,000 கடனில் ஏறும். 14 வாரத்தில் கழிந்தது 44,576. அதில் 4,000 போக 40,576. சீசன் முடிவில் பாக்கி 19,424. அதைக் கட்டாமல் ஊருக்குப் போக முடியாது. அல்லது “அடுத்த சீசனுக்கு வர்றேன்” என்று பெருவிரல் வைத்துவிட்டுப் போகலாம், கைச்செலவுக்கு இன்னொரு 10,000 சேர்த்து.

மழையில் கரைந்த, சூளையில் வேகாத பச்சைக்கல்லை இதில் நான் சேர்க்கவில்லை. அறுத்து அடுக்கிய கல் கரைந்தால் அந்த நஷ்டம் முழுக்க அறுத்தவர் தலையில்.

உத்திரமேரூரான் – அக்டோபர் 8

கழிவு எல்லாத் தொழிலிலும் உண்டு.

கணக்கர் – அக்டோபர் 8

உண்டு. எண்ணும்போது கூட நின்று பார்க்கும் உரிமையும் எல்லாத் தொழிலிலும் உண்டு. இங்கே நோட்டு ஒன்றுதான், அது முதலாளி வீட்டு மேஜை டிராயரில்.

பாலாற்றங்கரை – அக்டோபர் 9

உத்திரமேரூராருக்கு ஒரு விஷயம் விட்டுப்போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982-ல் ஆசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். “அவனாத்தானே வந்தான்” என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

கடனைப் பற்றி: கொத்தடிமைக் கடன் என்று ஆகிவிட்டால் 1976 சட்டத்தின் பிரிவு 6-ன்படி அது இல்லாமலே போகிறது. திருப்பிக் கேட்டு வழக்குப் போட முடியாது. மீறி வசூலித்தால் பிரிவு 9-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை. ஊர்ப் பெரியவர்கள் நல்லெண்ணத்தில் “பாதியாவது கட்டிடுப்பா” என்று பஞ்சாயத்துப் பேசுகிறார்களே, குற்றத்துக்குத் துணைபோவதும் பிரிவு 20-ல் குற்றம்தான். இந்த ஒரு வரியை ஊரில் சொல்லிவைத்தால் பாதிப் பஞ்சாயத்துகள் நடக்காது.

செய்யாற்றுக்காரன் – அக்டோபர் 9

சரி, நவம்பர் 1-க்கு என்ன செய்யலாம்?

பாலாற்றங்கரை – அக்டோபர் 10

தீர்மானம் ஒன்று போதும், பெரிய உரை வேண்டாம். அதில் மூன்று வாசகங்கள். ஒன்று, வெளியூர் வேலைக்கு ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரி யாராக இருந்தாலும் தன் பெயர், போன் எண், சூளை அல்லது மில் இருக்கும் ஊர், உரிமையாளர் பெயர், எத்தனை குடும்பம், திரும்பும் மாதம் இத்தனையும் ஊராட்சியில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எதையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது, ஒப்படைக்கச் சொன்னால் ஊராட்சியில் தெரிவிக்கலாம். மூன்று, சீசனில் இடம்பெயரும் குடும்பப் பிள்ளைகளின் பட்டியல் தலைமை ஆசிரியர் மூலம் பொங்கலுக்கு முன்பே எடுக்கப்படும்.

நாலாவதாக “எங்கள் ஊர் கொத்தடிமை இல்லா ஊர்” என்று யாராவது தீர்மானம் கொண்டுவருவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அப்படி அறிவித்த ஊரில் நாளை ஒரு குடும்பம் சிக்கினால், அறிவிப்பைக் காப்பாற்றுவதற்காகவே அதைக் “கூலித் தகராறு” என்று எழுதுவார்கள்.

ரேஷன் கார்டு விஷயம் பலருக்குத் தெரியாது: கைரேகை வைத்து எந்த ஊர்க் கடையிலும் அரிசி வாங்கலாம். சூளைக்குப் பக்கத்துக் கடையில் அரிசி வாங்கினாலே வாரச் செலவு குறையும், கடன் சீக்கிரம் கழியும். கார்டை முதலாளி வாங்கி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கன்வாடி டீச்சர் – அக்டோபர் 12

ஊராட்சி ஆபீஸ்ல போய் மேஸ்திரி எழுதிக் குடுப்பாரா? மேஸ்திரி யாருன்னு நெனச்சீங்க? அந்தக் குடியிருப்புலயே மாமனோ மச்சானோதான். அவருக்கும் முதலாளிகிட்ட கடன் இருக்கும். அதோட இந்த விவரமெல்லாம் எழுதின நோட்டு ஊராட்சி ஆபீஸ்ல இருந்தா, சூளைக்காரருக்கு அடுத்த நாளே போன் போயிடும். சில ஊர்ல தலைவருக்கே சூளை இருக்கு, சார்.

எங்க கையில ஏற்கெனவே ஒரு பதிவேடு இருக்கு. கர்ப்பிணி, பாலூட்டுற அம்மா, ஆறு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க, வீடு வாரியா. மாசாமாசம் எடை போடறோம். எந்த வீடு எப்போ பூட்டினதுன்னு எங்களுக்குத்தான் முதல்ல தெரியும். சத்துமாவு வாங்க வரலைன்னா கேட்போம். “எங்க போறீங்க, அங்க பக்கத்துல எந்த ஊரு”ன்னு அப்போ கேட்டா சொல்லுவாங்க, ஏன்னா அங்கேயும் தடுப்பூசி போடணும்னு கேட்கிறோம். போலீஸ் மாதிரி கேட்டா வாயே தொறக்க மாட்டாங்க.

பாலாற்றங்கரை – அக்டோபர் 12

டீச்சர் சொல்வதை ஏற்கிறேன், முதல் வாசகத்தை எடுத்துவிடலாம். மேஸ்திரியை எழுதிக் கொடுக்கச் சொல்வது காகிதத்தில்தான் அழகு. யார் எங்கே போகிறார்கள் என்று எழுதும் நோட்டு மகளிர் குழுத் தலைவியிடம் இருக்கட்டும், வீட்டுக்கு ஒரு பக்கம் போதும். முக்கியமான வரி ஒன்றே ஒன்று: வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்தில் ஊரில் ஒருவருக்கு அவர்கள் போன் செய்ய வேண்டும். இரண்டு வாரம் போன் வரவில்லை என்றால் இங்கிருந்து கூப்பிட வேண்டும். எதிர்ப்பக்கம் எப்போதும் மேஸ்திரியே எடுத்து “நல்லா இருக்காங்க” என்று சொன்னால் அதுவே ஒரு தகவல்.

கணக்கர் – அக்டோபர் 13

அந்த நோட்டோடு குடும்பத்துக்கு ஒரு சின்ன நோட்டும் கொடுங்கள், பேனர் செலவில் ஐம்பது நோட்டு வாங்கலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். ஆயிரம் கல்லுக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. மழை நாளுக்கு ஒரு வட்டம். வாரச் செலவு வாங்கியதற்கு ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் தொகை. பத்தாவது படிக்கும் பையன் வீட்டில் இருந்தால் அவன் எழுதட்டும். விசாரணை என்று வரும்போது முதலாளி நோட்டுக்கு எதிரே வைக்க இது ஒன்றுதான் இருக்கும். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 15-ன்படி கடன் கொடுத்தவருடையது. அவர் வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்தோடு வருவார். எதிரே தேதியோடு கோடு போட்ட ஒரு நோட்டு இருந்தால் அந்தத் தாள் பல்லிளித்துவிடும்.

உத்திரமேரூரான் – அக்டோபர் 15

எனக்கு இன்னும் பதில் வரவில்லை. அவசரத்துக்குப் பணம் யார் கொடுப்பது?

பாலாற்றங்கரை – அக்டோபர் 16

இந்த இழையிலேயே கனமான கேள்வி இதுதான், முதலில் சரியாகப் பதில் சொல்லாமல் போனேன். நோட்டும் போனும் தீர்மானமும் கடனைக் குறைக்காது.

பெரும்பாலும் தேவை சின்னது, முன்பணம் பெரியது. மருத்துவச் செலவுக்கு 5,000 கேட்கும் குடும்பத்திடம் “நாப்பதா வாங்கிக்கோ, வீட்டுக்குக் கூரையும் போட்டுக்கலாம்” என்பார் மேஸ்திரி. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். பெரிய முன்பணம் வாங்கிய குடும்பம்தான் சீசன் முழுக்க நிற்கும். ஆகவே முழுக் கடனுக்கும் மாற்றுத் தேட வேண்டாம், அந்த முதல் 5,000-க்குத் தேடினால் போதும். 15 பேர் குழு, மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 18,000. ஒரே நேரத்தில் மூன்று குடும்பத்துக்கு 5,000 கொடுக்கலாம். நிபந்தனை: கேட்ட அன்றே கொடுக்க வேண்டும். “அடுத்த கூட்டத்தில் பேசலாம்” என்றால் மேஸ்திரி ஜெயித்தார்.

அங்கன்வாடி டீச்சர் – அக்டோபர் 16

ஆறு மாசம் ஊர்ல இல்லாதவங்களை எந்தக் குழுவுல சேர்ப்பாங்க? மூணு கூட்டம் வரலைன்னா பேரை எடுத்துடறாங்க. இருளர் பெண்கள் குழுவுல நிலைக்காம போறதுக்கு இதான் காரணம், “அக்கறை இல்லை”ன்னு எழுதி வெச்சிருப்பாங்க. சீசன்ல போறவங்களுக்குத் தனிக் குழு, கூட்டம் ஆடியிலேருந்து மார்கழி வரைக்கும்தான், சேமிப்பும் அந்த மாசங்கள்லதான்னு விதி மாத்தினா ஓடும்.

உத்திரமேரூரான் – அக்டோபர் 17

இதை ஒப்புக்கொள்கிறேன். 5,000 ரூபாய் கணக்கு எனக்குப் புரிகிறது.

செய்யாற்றுக்காரன் – நவம்பர் 3

கிராம சபை நடந்தது. இரண்டு வாசகம் தீர்மானத்தில் ஏறியது. மூன்றாவதாகக் குடிநீர்க் குழாய் சண்டை வந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான்.

இப்போது இன்னொரு கேள்வி. ஏற்கெனவே ஒரு இடத்தில் சிக்கியிருக்கிறார்கள் என்று தகவல் வந்தால் முதலில் யாருக்குச் சொல்வது? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாமா?

பாலாற்றங்கரை – நவம்பர் 3

கூடாது. அந்த மனு கலெக்டர் ஆபீஸிலிருந்து தாலுகாவுக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அவரிடமிருந்து விஏஓ-வுக்கு என்று இறங்கும். இறங்கி முடிவதற்குள் களம் காலி. ஆட்களை டிராக்டரில் ஏற்றி சவுக்குத் தோப்பில் இறக்கிவிடுவார்கள்.

நேராக வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். முடிந்தால் மாவட்ட ஆட்சியரிடம் நேரில். கையில் ஒரு பக்கத் தகவல்: இடத்தின் மேப் லொகேஷன், உள்ளே போகும் வழி எத்தனை, எத்தனை குடும்பம், குழந்தைகள் எத்தனை, எந்த ஊர்க்காரர்கள், முன்பணம் சுமார் எவ்வளவு, வெளியே விடாததற்கு ஒரு சம்பவம் (“மாமியார் சாவுக்கு விடவில்லை” என்பது போல), அடி, மிரட்டல், பெண்களிடம் அத்துமீறல் இருந்தால் அது, உரிமையாளர் பெயர். குழந்தைகள் வேலை செய்தால் 1098-லும், பெண்கள் ஆபத்தில் இருந்தால் 181-லும், உடனடி அடிதடி என்றால் 112-லும் சொல்லலாம். ஆனால் கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று தரும் விடுதலைச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்கிற இடத்துக்குப் போகாமல் வேலை முடியாது.

நீங்களே உள்ளே போய் “வாங்க, கிளம்புங்க” என்று சொல்லாதீர்கள். வெளியே வந்தபின் அது ஓடிப்போனதாக ஆகும், முதலாளி திருட்டுப் புகார் கொடுப்பார், விடுதலைச் சான்றிதழுக்கு அடிப்படையே போய்விடும்.

கணக்கர் – நவம்பர் 4

விசாரணை நாளில் எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி நிற்கும் இடத்திலேயே “உனக்கு இங்க ஏதாவது கஷ்டமாம்மா?” என்று கேட்பது. பதில் எப்போதும் “இல்லைங்க”. தனித்தனியாக, களத்துக்கு வெளியே, முடிந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்தில், பெண்களைப் பெண் அலுவலர் கேட்க வேண்டும். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கத்து ஆட்கள் என்றால் ஒடியா தெரிந்தவர் வேண்டும், அவர் மேஸ்திரியாக இருக்கக் கூடாது! சொல்வதற்கே சிரிப்பாக இருக்கிறது, ஆனால் மொழிபெயர்க்க வந்து நிற்பவர் பல நேரம் அவர்தான்.

வாக்குமூலத்தில் “கூலி பாக்கி” என்று மட்டும் எழுதிவிட்டால் அது தொழிலாளர் துறை வழக்காகிவிடும். முன்பணம் எப்போது, எவ்வளவு, யார் கையில் வாங்கியது, எந்தச் சுதந்திரம் போனது, இவை வரிக்கு வரி வர வேண்டும்.

மாலை ஆகிவிட்டது என்று வேனில் ஏற்றி ஊரில் இறக்கிவிட்டு “சான்றிதழ் அப்புறம் வரும்” என்பார்கள். அங்கேதான் பல குடும்பங்கள் கோட்டைவிடுகின்றன. சான்றிதழ் இல்லாவிட்டால் நிவாரணம் இல்லை, கடன் ரத்தானதற்குச் சாட்சி இல்லை. குடும்பத்துக்கு ஒன்று இல்லை, ஆளுக்கு ஒன்று. மனைவிக்கு, வேலை செய்த பிள்ளைக்கு, தாத்தாவுக்கும்.

அங்கன்வாடி டீச்சர் – நவம்பர் 4

வண்டி பத்தியும் எழுதுங்க. ஆளை ஏத்த வேன் வரும், சாமான் ஏத்த வராது. அலுமினியப் பாத்திரம், தார்ப்பாய், சைக்கிள், நாலு கோழி, ஒரு ஆட்டுக்குட்டி, நாய் ஒண்ணு. அவங்க மொத்தச் சொத்து அதுதான். “கோழிய விட்டுட்டு வாங்க”ன்னா ஏறமாட்டாங்க. ஆபீஸர் “இவங்களே வர விரும்பலை”ன்னு எழுதிட்டுப் போயிடுவார். ஒரு மினி லாரி சேத்து ஏற்பாடு பண்ணணும், கூடையும் கயிறும் எடுத்துட்டுப் போகணும்.

பாலாற்றங்கரை – நவம்பர் 4

கோழிக்கூடை எந்த வழிகாட்டு நெறிமுறையிலும் இல்லை. இருக்க வேண்டும்.

செய்யாற்றுக்காரன் – நவம்பர் 9

நிவாரணத் தொகை எவ்வளவு? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 20,000 என்கிறார் ஒருவர், மூன்று லட்சம் என்கிறார் இன்னொருவர்.

கணக்கர் – நவம்பர் 9

இரண்டும் ஒரே திட்டத்தின் வெவ்வேறு துண்டுகள். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் 2016-ல் வந்தபோது உடனடி உதவி 20,000. பின்னர் அது 30,000 வரை ஆனது. மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள் குழந்தைகளுக்கு 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர், மாற்றுத்திறனாளி, திருநங்கை ஆகியோருக்கு 3 லட்சம். உடனடி உதவி வழக்கின் முடிவுக்குக் காத்திருக்காது. பெரிய தொகை தண்டனையோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் முதல் தகவல் அறிக்கை ஒழுங்காக இருப்பது முக்கியம்.

எஃப்ஐஆரில் 1976 சட்டம் மட்டும் இருந்தால் போதாது. அதில் உச்சத் தண்டனையே மூன்று ஆண்டு, 2,000 ரூபாய் அபராதம், ஜாமீனில் வரக்கூடிய குற்றம். ஏமாற்றியோ மிரட்டியோ ஆள் சேர்த்து அடிமை வேலைக்கு வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 143 (முன்பு இபிகோ 370), ஆள் கடத்தல், குறைந்தது 7 ஆண்டு. ஒருவருக்கு மேல் என்றால் 10 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. குழந்தைகள் வேலை செய்திருந்தால் சிறார் நீதிச் சட்டம் 79. பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வன்கொடுமைச் சட்டம் 3(1)(h), அதற்குத் தனி நிவாரணமும் உண்டு.

கடத்தல், கட்டாய உழைப்பு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைக்கும், எண் 15100.

பாலாற்றங்கரை – நவம்பர் 11

பழங்குடி என்று நிரூபிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுப்பவரும் அதே கோட்டாட்சியர்தான். பரம்பரையாகச் சூளைக்கும் மரம் வெட்டுக்கும் அலைந்த குடும்பத்திடம் “அப்பாவின் சான்றிதழ் எங்கே” என்று கேட்டால் என்ன செய்வார்கள்? விசாரணை நடக்கும் அன்றே சான்றிதழ் விண்ணப்பத்தையும் கையோடு கொடுத்துவிடுங்கள். கோப்பு ஒரே மேஜையில் இருக்கும்போது நகர்வது போல் அப்புறம் நகராது. வங்கிக் கணக்கு, ஆதார் இல்லாதவர் பட்டியலும் அன்றே. 30,000 ரூபாய் வந்து கணக்கு இல்லாமல் திரும்பிய கதைகள் ஏராளம்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழும் படம் நாடு முழுக்கச் சுற்றியது. படம் சுற்றிய அளவுக்கு அதன்பின் ஒரு குடும்பத்துக்கு என்னென்ன காகிதம் தேவை என்ற பேச்சு சுற்றவில்லை.

சேலத்துப் பேருந்து – நவம்பர் 20

இழை முழுக்கச் சூளையாகவே போகிறது. நூற்பாலைக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மூன்று வருஷம் வேலை, முடிந்ததும் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தொகை என்று ‘சுமங்கலித் திட்டம்’ ஓடியது. பெயர் மாறியிருக்கிறது, ஏஜென்ட் மாறவில்லை. அவர்கள் வருவது பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதம். தேர்ச்சி பெறாத பிள்ளை எந்த வீட்டில் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அன்றே மறுதேர்வுக்கு ஆள் பிடிக்க ஆசிரியர்கள் கிளம்பினால் ஏஜென்டுக்கு வேலை இல்லை. மே 1 கிராம சபையும் இருக்கிறது.

இன்னொன்று, கம்போடியா, மியான்மருக்கு “டேட்டா என்ட்ரி” என்று போய் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கும் பட்டதாரிப் பையன்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை என்றாலே நிறுத்திவிட வேண்டும். ஏஜென்டின் உரிம எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். உரிமம் உள்ளவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அவர் உரிமக்காரர் இல்லை, அல்லது உரிமத்தை மதிப்பவர் இல்லை.

பாலாற்றங்கரை – நவம்பர் 21

மே மாதக் கணக்கு அருமை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஆள் பிடிக்கும் மாதம் தெரிந்தால் போதும், அதற்கு ஒரு மாதம் முன்னால் போய் நிற்கலாம். கம்போடியாவுக்குத் தனி இழை போடுங்கள், அது வேறு உலகம்.

செய்யாற்றுக்காரன் – ஜனவரி 24

பள்ளிப் பட்டியல் வேலை செய்தது. பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு வாரமாக வராத பிள்ளைகள் 11. அதில் 9 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று நோட்டில் இருக்கிறது. மீதி இரண்டு பேர் வீட்டுக்கான நோட்டுப் பக்கத்தில் “அரக்கோணம் தாண்டி” என்று மட்டும் எழுதியிருக்கிறது.

அங்கன்வாடி டீச்சர் – ஜனவரி 24

அந்த ரெண்டு வீட்டையும் முதல்ல பாருங்க. மத்த ஒம்போது பிள்ளைங்களுக்கு அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கச் சொல்லி வட்டார வள மையத்துல கேளுங்க. சூளைக்குப் பக்கத்துல சிறப்புப் பயிற்சி மையம் இருக்கான்னும் கேளுங்க. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போற சூளைக்குள்ள டீச்சர் போவாங்க வருவாங்க. வெளி ஆள் கண்ணு ஒண்ணு உள்ள இருக்கும்.

உத்திரமேரூரான் – பிப்ரவரி 9

இன்று உறுதிமொழி எடுத்தாயிற்று. பிஸ்கட் நன்றாக இருந்தது.

பாலாற்றங்கரை – பிப்ரவரி 9

எடுத்த கையோடு ஒரு காரியம் செய்யுங்கள். தகவல் உரிமை மனு ஒன்று, கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். உங்கள் கோட்டத்தின் கொத்தடிமைக் கண்காணிப்புக் குழு உறுப்பினர்கள் யார் யார், கடைசிக் கூட்டம் எப்போது, அதன் நடவடிக்கைக் குறிப்பின் நகல். 1976 சட்டத்தின் பிரிவு 13-ன்படி அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். இருக்கிறார்களா, அவர்களில் யாராவது உங்கள் பக்கத்து இருளர் குடியிருப்புக்காரரா என்று பாருங்கள். காலியிடம் என்று பதில் வந்தால் நல்லதுதான், அந்த இடத்துக்குப் பெயர் கொடுக்கலாம்.

செய்யாற்றுக்காரன் – மார்ச் 2

அரக்கோணம் தாண்டிய இரண்டு குடும்பமும் கிடைத்துவிட்டது. கோட்டாட்சியர் விசாரணை முடிந்து சான்றிதழ் கையில் இருக்கிறது. ஆறு பேருக்கு ஆறு. ஒருவர் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி. வங்கியில் தகராறு வருமா?

கணக்கர் – மார்ச் 2

வரும். ஆதாரைத் திருத்தப் போகாதீர்கள், நாளாகும். சான்றிதழை அதே அலுவலகத்தில் திருத்தி வாங்குங்கள், பழையதை ஒப்படைக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் முதலாளி பக்கத்து ஆள் “கணக்கு முடிக்கணும்” என்று அந்த வீட்டுக்கு வருவார். அப்போது காட்ட ஒரு நகல் குழுத் தலைவியிடமும் இருக்கட்டும்.

அங்கன்வாடி டீச்சர் – மார்ச் 3

லேமினேட் பண்ணிடாதீங்க. பேங்க்ல ஒரிஜினல் பின்னாடி சீல் வெக்கணும்னு கேட்டா மாட்டிக்குவீங்க. பிளாஸ்டிக் கவர் போதும்.

செய்யாற்றுக்காரன் – மார்ச் 3

ஆறுக்கு நாலு ஏற்கெனவே லேமினேட் ஆகிவிட்டது, டீச்சர்.

அங்கன்வாடி டீச்சர் – மார்ச் 3

அப்போ பேர் திருத்தற சாக்குல ஆறையும் புதுசா வாங்கிடுங்க.